கிள்ளான் காய்ச்சலும் டாக்டர் மால்கம் வாட்சனும்

மலேரியா என்னும் சொல் இத்தாலிய மொழியிலிருந்து வந்தது. ‘கெட்ட காற்று’ என்பது அதன் பொருள். சதுப்பு நிலத்திலிருந்தும் புதிதாகக் கிளறிய மண்ணிலிருந்தும் எழும் நச்சுக் காற்றே இக்காய்ச்சலுக்குக் காரணம் என்று மேலைநாட்டார் பல நூற்றாண்டுகள் நம்பினர். நம்மவர் இதனைக் குளிர்காய்ச்சல் என்றும் முறைக்காய்ச்சல் என்றும் அழைத்தனர். இவற்றுள் நம்மவர் இட்ட பெயரே குற்றமற்றது எனலாம். அது காரணம் கூறப் புகாமல், குளிர் எடுத்து நடுக்குவதையும் நாள் முறை வைத்துத் திரும்புவதையும் மட்டும் கூறி நிற்கின்றது. தவறான காரணத்தைப் பெயரிலேயே சுமந்து திரியும் நோய் மலேரியா.

அக்காரணம் தவறு என்பது 1897ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. ஆகஸ்டு 20ஆம் நாள், ஐதராபாத்தை அடுத்த செகந்தராபாத்தில், இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த ரொனால்டு ராஸ் என்பார், சிறகில் புள்ளிகளுள்ள ஒருவகைக் கொசுவின் வயிற்றை உருப்பெருக்கியின் கீழ் வைத்து நோக்கியபோது மலேரியாக் கிருமியைக் கண்டார். அடுத்த ஆண்டு கல்கத்தாவில் பறவைகளைக் கொண்டு செய்த ஆராய்ச்சியில் கிருமியின் வாழ்க்கை வட்டம் முழுவதையும் தொடர்ந்து கண்டார். மனிதரிடையே இந்நோயைப் பரப்புவது அனோபிலிஸ் என்னும் கொசு இனம்தான் என்பதை இத்தாலிய அறிஞர் கிராசி முதலியோர் நிறுவினர். 1902இல் ராஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இவை யாவும் பாடநூல்களில் உள்ளவை.

காரணம் தெரிந்துவிட்டது, ஆனால் அதனைக் கொண்டு ஓர் ஊரைக் காப்பாற்ற முடியுமா? இக்கேள்விக்கு விடை கண்ட முதல் இடங்களுள் ஒன்று நம் கிள்ளான் என்பது பலர் நினைவில் இல்லை. விடை கண்டவர் மால்கம் வாட்சன்.

1873இல் ஸ்காட்லாந்தில் பிறந்து கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற வாட்சன், 1900இல் மலாயா மருத்துவப் பணியில் சேர்ந்தார். 1901 ஜனவரியில் கிள்ளான் மாவட்ட மருத்துவராக நியமிக்கப்பட்டபோது அவருக்கு வயது இருபத்தேழு. அன்றைய கிள்ளான் ஏறக்குறைய 3,500 பேர் வாழ்ந்த சிற்றூர். சிறு குன்றுகள் சூழ்ந்திருக்க, அவற்றின் அடிவாரத்தில் ஊற்றுநீர் கசிந்து தேங்கிய சேற்று நிலமும், அதன்மேல் அடர்ந்த புதர்க்காடும் வீடுகளை ஒட்டியே கிடந்தன. அவ்வாண்டில் காய்ச்சல் மூண்டது. மருத்துவமனையில் இடமில்லை. கிள்ளான் நகரிலும் அதனை அடுத்த புதுத் துறைமுகத்திலுமாக, காய்ச்சலால் மட்டும் அந்த ஓராண்டில் இறந்தவர் 368 பேர். ஏறக்குறைய பத்துப் பேருக்கு ஒருவர் என்று கணக்கிட்டால் அதன் கொடுமை விளங்கும்.

அப்பொழுது மருத்துவ உலகில் இரு வழிகள் பேசப்பட்டன. நோயாளிகளைத் தேடிப் பிடித்துக் கொயினா கொடுத்துக் கிருமியை ஒழிக்கலாம் என்பது ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் வழி. கொசு பெருகும் நீரை அகற்றுவதே நிலையான பரிகாரம் என்பது ராஸ் வழி. வாட்சன் இரண்டாவது வழியைத் தேர்ந்தார். அதற்கு அவர் கண்ட காரணம் எளிது. நாள்தோறும் வண்டியிலும் படகிலும் புதிய மக்கள் வந்து இறங்கும் ஊரில் எத்தனை பேரைத் தேடிப் பிடித்து, எத்தனை திங்களுக்குக் கசப்பு மருந்தை விழுங்க வைப்பது? நீர் தேங்கும் பள்ளம் ஓடி ஒளியாது.

ஆனால் மண்ணைக் கிளறினால் காய்ச்சல் வரும் என்ற பழைய எண்ணம் அப்பொழுதும் மறையவில்லை. காய்ச்சல் மிகுந்த ஊரில் வாய்க்கால் வெட்டுவது நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதாகப் பலருக்குத் தோன்றியிருக்கும். அரசினர் பணம் ஒதுக்கினர். புதர்க்காடு வெட்டப்பட்டது. குன்றுகளின் அடிவாரத்தை ஒட்டி வாய்க்கால்கள் தோண்டப்பட்டு, கசியும் நீர் சேற்றில் இறங்குமுன்பே பிடித்து வெளியேற்றப்பட்டது.

துறைமுகத்தின் கதை

கிள்ளான் ஆற்றின் முகத்துவாரத்தில், அலையாத்திக் காட்டுச் சேற்றின்மேல் கட்டப்பட்ட சுவெட்டன்காம் துறைமுகம் 1901 செப்டம்பர் 15ஆம் நாள் திறக்கப்பட்டது. 1972இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாறியது இதுவே. திறந்த சில வாரங்களுக்குள் இரயில்வே ஊழியரும் துறைமுகத் தொழிலாளரும் வரிசையாகக் காய்ச்சலில் விழுந்தனர். பெரும் பொருட்செலவில் கட்டிய துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. மூடவில்லை. கடல்நீர் ஏறாதபடி கரை எழுப்பினர். உள்ளே வாய்க்கால் வெட்டினர். காட்டைத் தள்ளி நிறுத்தினர்.

பலன் எவ்வாறு இருந்தது? இரு ஊர்களிலுமாக 1901இல் 368 ஆக இருந்த காய்ச்சல் சாவு, 1902இல் 59 ஆயிற்று. 1905இல் அது 45. அரசு ஊழியருக்குக் காய்ச்சல் காரணமாக அளிக்கப்பட்ட நோய் விடுப்புச் சீட்டுகள் 1901இல் 236, 1905இல் 4. ‘எல்லா இடங்களிலுமே காய்ச்சல் அவ்வாண்டுகளில் தணிந்திருக்கலாம், வாய்க்காலுக்கு என்ன பெருமை?’ என்று கேட்பவர் அன்றும் இருந்தனர். வாட்சன் அதற்கும் விடை வைத்திருந்தார். வாய்க்கால் வெட்டப்படாத மாவட்டப் பகுதிகளில் காய்ச்சல் சாவு அதே ஆண்டுகளில் குறையவில்லை, கூடியது. 1904இல் குழந்தைகளின் குருதியைச் சோதித்தார். கிள்ளான் நகரில் 173 குழந்தைகளில் ஒரே ஒரு குழந்தையிடம் கிருமி இருந்தது. வாய்க்கால் இல்லாத பகுதிகளில் 298 குழந்தைகளில் 101 பேரிடம் இருந்தது. ஒரே மழை, ஒரே வெயில், ஒரே மாவட்டம். வேறுபாடு வாய்க்கால் ஒன்றே.

இவ்வெற்றியின் மதிப்பை அறிய வேண்டுமாயின், அதே காலத்தில் பஞ்சாபில், இலாகூரை அடுத்த மியான் மீர் படைவீடு பட்ட பாட்டையும் நினைக்க வேண்டும். அங்கும் கொசு ஒழிப்பு முயற்சி நடந்தது. தோல்வி என்று முடிவு கட்டப்பட்டது. ராஸின் கொள்கை ஏட்டுச் சுரைக்காய் என்று கூறுவோருக்கு மியான் மீர் ஆயுதமாயிற்று. அவர்களுக்கு எதிரே காட்டுவதற்கு ராஸின் கையில் இருந்தது கிள்ளான்.

தோட்டங்களில் நிகழ்ந்தது

இனி நமக்கு நெருங்கிய பகுதிக்கு வருவோம். வாட்சன் கிள்ளானுக்கு வந்த சில ஆண்டுகளில் ரப்பர் விலை ஏறத் தொடங்கியது. சிலாங்கூர்க் காடுகள் சரசரவென்று அழிக்கப்பட்டுப் பால்மரத் தோட்டங்கள் எழுந்தன. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தமிழ் மக்கள், முதலில் சஞ்சிக் கூலிகளாகவும், 1910இல் அம்முறை ஒழிக்கப்பட்டபின் கங்காணிகள் வழியாகவும் இத்தோட்டங்களுக்கு வந்தனர். பெரும்பாலோர் வறண்ட சமவெளி ஊர்களைச் சேர்ந்தவர்கள். காட்டோரத்துக் காய்ச்சலுக்கு அவர்கள் உடல் பழகியிருக்கவில்லை.

அவர்கள் இறந்த வேகத்தை இன்று படிக்கும்போதும் நெஞ்சு நடுங்குகின்றது. ஐக்கிய மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் 1911இல் இந்தியத் தொழிலாளரின் சாவு விகிதம் ஆயிரத்துக்கு 60க்கும் மேல். இது நல்ல தோட்டமும் கெட்ட தோட்டமும் சேர்ந்த சராசரி. கெட்ட தோட்டங்களில் ஓராண்டில் ஆயிரத்துக்கு 200 பேருக்கு மேல் மாண்டதும் உண்டு. இதற்கு அன்றைய துரைமாரும் அதிகாரிகளும் கூறிய காரணங்கள் பல. ஊரிலிருந்து வரும்போதே மெலிந்து வருகிறார்கள், அழுக்காக வாழ்கிறார்கள், கள் குடிக்கிறார்கள், சம்பளத்தை மிச்சம் பிடிக்க வயிற்றைக் காயப் போடுகிறார்கள். சுருங்கச் சொன்னால், கூலி சாவதற்குக் கூலியே காரணம்.

வாட்சன் இந்த வாதத்தை எதிர்த்து மேடை ஏறவில்லை. அவர் எண்ணினார். லயம் லயமாகச் சென்று குழந்தைகளின் இடப்புற விலாவுக்குக் கீழே கைவைத்து மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்த்தார். அடிக்கடி மலேரியா கண்டவர்க்கு மண்ணீரல் பெருக்கும். வளர்ந்தவர்கள் இடம் மாறி வந்தவர்கள். அவர்கள் நோயை எங்கே வாங்கினர் என்று கூறமுடியாது. குழந்தையோ தான் வாழும் லயத்தின் நோயையே காட்டும். காட்டுக்கும் ஓடைக்கும் அருகிலிருந்த லயங்களில் வீங்கிய மண்ணீரல் மிகுதி. தொலைவு கூடக்கூட அது குறைந்தது. ஏறக்குறைய அரைமைல் அப்பால் இருந்த லயங்களில் மிகவும் அரிதாயிற்று. ஒரே கப்பலில் வந்து, ஒரே அரிசியைத் தின்று, ஒரே கள்ளைக் குடித்த மக்கள் ஒரு லயத்தில் வாழ்ந்தனர். மற்றொரு லயத்தில் செத்தனர். குற்றம் கூலியின் உடலில் இல்லை, லயம் கட்டிய இடத்தில் இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

கடற்கரையை அடுத்த தாழ்நிலத் தோட்டங்களில் ஒரு வியப்பையும் அவர் கண்டார். பால்மரம் நீர் தேங்கிய நிலத்தில் வளராது. ஆகவே மரத்துக்காகக் காட்டை அழித்து வாய்க்கால் வெட்டினர். அதனோடு காய்ச்சலும் தானாகவே போயிற்று. மரத்தைக் காக்க வெட்டிய வாய்க்கால் மனிதரையும் காத்தது. மனிதருக்காக மட்டும் என்றால் அத்தனை மைல் வாய்க்கால் வெட்டப்பட்டிருக்குமா என்பது வேறு கேள்வி.

மேட்டு நிலத்துப் புதிர்

இந்த அனுபவத்தோடு மேட்டு நிலத் தோட்டங்களுக்கும் அதே மருத்துவம் செய்யப்பட்டது. குன்றுகளுக்கிடையே உள்ள பள்ளங்களில் காடு வெட்டி, சேற்றை வடித்து, நீர் தெளிவாக ஓடும்படி வாய்க்கால் அமைத்தனர். காய்ச்சல் குறையவில்லை. சில இடங்களில் முன்னிலும் கூடியது. துப்புரவான ஓடை, தேங்காத நீர், நல்ல வெளிச்சம், அடுத்தே நன்கு கட்டிய லயம். அங்கே பிணங்கள் விழுந்தன.

வேறொருவர் என்றால் கூலிகளின் மேல் பழி போட்டு ஒதுங்கியிருக்கலாம். அல்லது கிள்ளானில் பெற்ற புகழைக் காப்பாற்ற இதனை மறைத்திருக்கலாம். வாட்சன் ஓடைகளில் இறங்கிக் கொசுப்புழுக்களைப் பிடித்து இனம் பிரித்தார். விடை அங்கே இருந்தது.

தாழ்நிலத்தில் நோய் பரப்பிய கொசு அனோபிலிஸ் அம்புரோசஸ். இலத்தீனில் அப்பெயருக்கு ‘நிழலுக்குரியது’ என்பது பொருள். காட்டு நிழலில் தேங்கிய கரிய நீரிலேயே அது முட்டையிடும். காட்டை வெட்டி வெயில் படச் செய்தால் அதற்கு வாழ்விடமில்லை. (அந்நாளில் இப்பெயரின்கீழ் அடங்கியிருந்தது ஓர் இனம் மட்டுமன்று. சிங்கப்பூரில் பணியாற்றிய அறிஞர் சந்தோஷம் 1944இல் அனோபிலிஸ் லெட்டிபர் என்னும் இனத்தைத் தனியே பிரித்துக் காட்டினார். தாழ்நிலத்துப் பழியில் பெரும்பங்கு அதனுடையதே என்று பின்னர்த் தெளிவாயிற்று. இரண்டும் நிழலில் வாழ்பவை. ஆகவே வாட்சனின் பரிகாரம் இரண்டுக்கும் பொருந்தியது.)

மேட்டு நிலத்துக் கொசு அனோபிலிஸ் மாக்குலேட்டஸ். ‘புள்ளியுடையது’ என்பது பெயர்ப்பொருள். அதன் இயல்பு நேர் எதிர். அடர்ந்த காட்டு நிழல் அதற்கு ஆகாது. வெயில் பட்ட, தெளிந்த, மெல்ல ஓடும் நீர். ஓரத்தில் சிறிது புல். இதுவே அது தேடும் இடம். ஆகவே மேட்டு நிலத்தில் காட்டை வெட்டி ஓடையைத் துலக்கியவர்கள், ஒரு கொசுவை விரட்டிவிட்டு அதனினும் கொடிய மற்றொரு கொசுவுக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்திருந்தனர். தாழ்நிலத்தில் மருந்தாக இருந்தது மேட்டு நிலத்தில் நஞ்சாயிற்று.

ஒரு செய்தியை இங்கே எண்ணிப் பார்க்கலாம். வாட்சன் மேட்டு நிலத்து ஊர் ஒன்றில் முதலில் அமர்த்தப்பட்டிருந்தால், அவருடைய முதல் முயற்சியும் மியான் மீரைப் போலவே முடிந்திருக்கும். வாய்க்கால் முறையே மலாயாவில் பல ஆண்டுகள் பேச்சற்றுப் போயிருக்கும். கிள்ளானில் நிழற்கொசு இருந்தது அவருடைய நல்லூழ். அதனை நல்லூழ் என்று அறிந்துகொண்டதுதான் அவருடைய அறிவு.

1911இல் வெளியான அவருடைய நூல், ஐக்கிய மலாய் மாநிலங்களில் மலேரியாத் தடுப்பைப் பற்றியது. இவ்வேறுபாட்டை அது உலகுக்கு எடுத்துரைத்தது. கொசுக்கள் அனைத்தையும் ஒழிக்க வேண்டியதில்லை. இவ்விடத்தில் நோய் பரப்பும் கொசு எது என்று கண்டு, அதன் வாழ்விடத்தை மட்டும் அதற்கு ஒவ்வாதபடி மாற்றினால் போதும். டச்சு அறிஞர் சுவெல்லன்கிரெபல் ஜாவாவில் இதே கருத்தை வளர்த்து, ‘இனம் அறிந்து செய்யும் சுகாதாரம்’ என்னும் பொருளில் பெயரும் இட்டார்.

மேட்டு நிலத்துக்கு இரண்டு பரிகாரங்களை வாட்சன் கொண்டுவந்தார். முதலாவது, ஓடையையே நிலத்துக்கடியில் மறைப்பது. சுட்ட மண்குழாய்களைப் பள்ளத்தில் வரிசையாகப் புதைத்து, மேலே கல்லும் மண்ணும் இட்டு மூடினால், ஊற்றுநீர் குழாய் இணைப்புகளின் இடைவெளி வழியாக உள்ளே வடிந்து ஓடிவிடும். நீர் வெளிச்சத்தைக் காணாது. கொசுவும் நீரைக் காணாது. 1911இல் சிங்கப்பூரில் தெலுக் பிளாங்கா வட்டாரத்தில் மலேரியாத் தடுப்பு வேலை தொடங்கியபோதும் வாட்சனின் யோசனை கேட்கப்பட்டது. இம்முறை அங்கும் கையாளப்பட்டது. இது நல்ல முறை; ஆனால் செலவு மிகுந்தது. இரண்டாவது, எண்ணெய் தெளிப்பது. 1914 முதல் வாட்சன் இதனைத் தோட்டங்களில் பரப்பினார். நீரின்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் பரவினால் கொசுப்புழு மூச்சுவிட வழியின்றி மடியும். முட்டை கொசுவாக வளர நம் நாட்டு வெப்பத்தில் ஒரு வாரத்துக்குச் சற்று மேல் ஆகும். எனவே வாரம் ஒருமுறை தவறாமல் தெளிக்க வேண்டும். ஒரு வாரம் தவறினால் முன் செய்த வேலை வீண்.

முதுகில் எண்ணெய்த் தகரத்தைச் சுமந்துகொண்டு வாரந்தோறும் பள்ளம் பள்ளமாக இறங்கி ஏறிய ஆள் தோட்டத்துத் தொழிலாளியே. வாய்க்கால் வெட்டியவரும் குழாய் புதைத்தவரும் தொழிலாளிகளே. மருத்துவ வரலாற்று நூல்களில் அவர்கள் பெயர் இல்லை. செக்ரோல் ஏட்டில் நாட்கூலிக் கணக்காக மட்டுமே அவர்கள் இருந்தனர்.

வாட்சனைத் தொழிலாளர் தலைவராகக் காட்டுவது பொருந்தாது. அரசுப் பணியை விட்டபின் தோட்ட நிர்வாகங்களிடம் ஊதியம் பெற்ற மருத்துவர் அவர். நோயுற்ற கூலியால் துரைக்கு நட்டம், செத்த கூலிக்குப் பதில் ஆள் கொண்டுவரக் கப்பற் செலவு என்னும் கணக்கே தோட்ட முதலாளிகளின் பையைத் திறந்தது. அவரும் அந்தக் கணக்கை அறிந்தே பேசினார். எனினும் ஒன்று உண்டு. கூலியின் சாவுக்குக் கூலியே பொறுப்பு என்ற சொல்லை, எண்களைக் கொண்டு பொய்யாக்கியவர் அவர். இரக்கப் பேச்சுப் பேசிய பலர் அதனைச் செய்யவில்லை.

1924இல் அவருக்குச் சர் பட்டம் வழங்கப்பட்டது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் இலண்டன் சென்று, ராஸின் பெயரால் அமைந்த கழகத்தில் மலேரியாத் தடுப்புப் பிரிவின் பொறுப்பேற்றார். ஆப்பிரிக்காவின் வட ரொடீசியச் செம்புச் சுரங்கங்களில் அவர் வழியில் நடந்த தடுப்பு வேலையும் பெயர் பெற்றது. 1955இல் மறைந்தார்.

தோட்டங்களில் சாவு குறைந்தபின் அங்கே என்ன மாறியது என்பதைத் தமிழாசிரியர்கள் எளிதில் உணர்வர். மலேரியா மிகுந்த தோட்டத்தில் கருச்சிதைவு மிகுதி. பிறந்த குழந்தையும் தங்குவதரிது. ஆணும் பெண்ணும் சில ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பும் இடமாகவே தோட்டம் இருந்தது. பிள்ளைகள் பிழைத்து வளர்ந்தபோதுதான் குடும்பங்கள் அங்கே நிலைத்தன. ஏழு வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அந்த விதி நடைமுறைக்கு வர, முதலில் பத்துப் பிள்ளைகள் ஏழு வயதைத் தாண்டி உயிரோடிருக்க வேண்டும். தோட்டத் தமிழ்ப் பள்ளிகளின் வரலாற்றை எழுதுவோர் கங்காணியையும் கிராணியையும் முதல் ஆசிரியர்களாகக் குறிப்பிடுகின்றனர். ஓடையில் எண்ணெய் தெளித்த ஆளுக்கும் அவ்வரலாற்றில் ஒரு வரி உண்டு என்பது என் கருத்து.

ஜப்பானியர் ஆட்சியில், 1942 முதல் 1945 வரை, வாய்க்கால்கள் தூர்ந்தன, எண்ணெய் இல்லை, கொயினா கிடைக்கவில்லை. பழைய காய்ச்சல் தோட்டங்களுக்குத் திரும்பி வந்தது. போருக்குப்பின் டி.டி.டி. மருந்தும் புதிய மாத்திரைகளும் வந்தன. 1982இல் உலக சுகாதார நிறுவனம் சிங்கப்பூரை மலேரியா அற்ற நாடு என அறிவித்தது. மலேசியாவில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா வகைகள் உள்நாட்டில் தோன்றியதாக 2018 முதல் பதிவில்லை.

ஆயினும் மலேரியாவின் பெயர் நம் நாட்டு மருத்துவமனைகளிலிருந்து மறையவில்லை. குரங்குகளிடம் வாழும் நோலெசி என்னும் கிருமி, கொசுவின் வழியாக மனிதரையும் பற்றுகின்றது. சரவாக் மாநிலத்தின் காப்பிட் வட்டாரத்தில் அது பலரிடம் காணப்பட்டதைப் பேராசிரியர் பல்பீர் சிங்கும் அவருடைய குழுவினரும் 2004இல் வெளியிட்டனர். காட்டை அழித்து எழும் புதுத் தோட்டங்களின் ஓரத்தில், குரங்கும் மனிதரும் நெருங்கும் இடங்களில், ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் இதனால் நோயுறுகின்றனர். இதனைப் பரப்பும் கொசுக்கள் நிழலில் தேங்கிய காட்டு நீரில் பெருகுபவை.